நானூற்றுப் பதினாறு முட்டைகளும் ஓர் ஆல்டர்னேட்டரும்

என் அண்ணன் ராஜையன் மஸ்கட்டில் பதினான்கு வருஷம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊருக்கு வந்தவன். எங்காவது ஒரு வயர் தொங்கினால் போதும், அது தன் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று நினைப்பான். ஊரில் மிக்சி நின்றால் அவனிடம்தான் வரும். பாதி மிக்சிகள் ஓடும், மீதிக்கு அவன் மரணச் சான்றிதழ் கொடுத்துவிடுவான். 2012 டிசம்பரில் என்னுடைய ஆல்டர்னேட்டருக்கும் அப்படி ஒரு சான்றிதழ் கொடுத்தான். நான் அதை வாங்கிக்கொள்ளவில்லை. அந்தக் கதையை அவன் இப்போது ஊரெல்லாம் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறான். அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் நேசபாய். கருங்கலுக்குப் பக்கத்தில் வீடு. வீட்டுக்காரர் செல்வதாஸ் கேரளாவில் கொத்தனார், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார். பதினொரு வருஷம் நான் அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைத்தேன். கொட்டையின் பால் பட்டுப் பட்டு என் விரல்களெல்லாம் கறுத்துத் தோல் உரிந்து கிடந்தன. சோறு பிசையும்போது எரியும். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று விரலில் தொட்டுப் பார்க்கக்கூட முடியாது. அந்த விரல்களுக்காகத்தான் வேலையை விட்டேன் என்று சொன்னால் மிகையில்லை.

மகளிர் குழுவில் கோழி வளர்ப்புப் பயிற்சி கொடுத்தபோது போனேன். திரும்பி வந்து எங்கள் பழைய துணி அலமாரியைக் கவிழ்த்து, உள்ளே தெர்மோகோல் ஒட்டி, பல்பும் சின்ன ஃபேனும் மாட்டி, முட்டை பொரிக்கும் பெட்டி செய்தேன். ஊர்ப் பெண்கள் தங்கள் நாட்டுக்கோழி முட்டைகளில் பென்சிலால் பேரெழுதிக் கொண்டுவந்து தருவார்கள். பொரிந்தால் நாலில் ஒரு குஞ்சு எனக்கு. பொரியாவிட்டால் யாருக்கும் ஒன்றுமில்லை. கோழியை வாரத்துக்கு, அதாவது குஞ்சில் பங்கு பேசி, வளர்க்கிற பழக்கம் எங்கள் பக்கம் உண்டு, நான் அதைப் பெட்டிக்குக் கொண்டுவந்தேன், அவ்வளவுதான்.

பெட்டி வேலை செய்தது. கரண்டுதான் வேலை செய்யவில்லை. அந்த வருஷம் ஒரு நாளில் பாதி நேரம் கரண்டு கிடையாது. வருகிற நேரத்திலும் வோல்டேஜ் இருக்காது. டியூப் லைட் நாலு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். இன்வெர்ட்டர் வாங்கிப் பெரிய பேட்டரியும் வைத்தேன், ஆனால் அந்த நோஞ்சான் கரண்டில் பேட்டரி எப்படி நிறையும்? அக்டோபரில் வைத்த முட்டைகள் முழுக்கக் கூழாகப் போயின. நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

டிசம்பருக்கு இன்னொரு தடவை கேட்டேன். பதினெட்டுப் பெண்கள் கொடுத்தார்கள். இதுவும் போனால் பெட்டியைப் பழையபடி துணி வைக்கத்தான் பயன்படுத்த வேண்டும். அண்டி ஆபீஸ் மேஸ்திரி என் இடத்தைக் கிறிஸ்துமஸ் வரை காலியாக வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் நல்ல மனுஷர். ஆனால் அந்தச் சேதி வந்த அன்று நான் என் விரல்களைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பதினைந்தாம் நாள், வியாழக்கிழமை. முட்டைகளை ஒவ்வொன்றாக டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உயிருள்ளவை நானூற்றுப் பதினாறு. உள்ளே கறுப்பாக ஒரு அசைவு, சுற்றிலும் சிவப்பு நரம்புகள். கூழ் முட்டையைத் தூக்கிப் போட எனக்குத் தயக்கமே கிடையாது. அசைகிற முட்டையைக் கையில் வைத்திருக்கும்போது மட்டும் மூச்சை அடக்கிக்கொள்வேன்.

அன்று பேட்டரி பாதிக்குமேல் காலி. நான் சோடா பாட்டில்களில் வெந்நீர் நிறைத்துப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தபோது பேபியக்கா வந்தாள். கடப்புறத்துக்காரி, கடலோர ஊர். காலையில் மீன் நிறைத்த அலுமினியச் சருவத்தோடு பஸ் ஏறி எங்கள் ஊரில் வீடு வீடாக விற்பவள். பதினெட்டுப் பேரில் அவளுடைய முட்டைகள்தான் அதிகம், நாற்பது. சருவத்தை இறக்கிவிட்டு, கையைச் சேலையில் துடைத்து, முழங்கைவரை பெட்டிக்குள் விட்டாள்.

"ஏட்டி நேசம், இது சூடா? எனக்க சருவத்துல ஐசுக்குள்ள கெடக்க மீனு இத விடச் சூடா இருக்கும்."

"வெந்நி வெச்சிருக்கேன் பேபியக்கா. இப்பம் ஏறும்."

"நீ வெந்நி வெச்சு எத்தன நாளு காப்பாத்துவ? எனக்க வீட்டுலயும் பக்கத்துலயுமா மூணு கோழி அடைக்கு கெடக்கு. சனியாழ்ச்ச உச்சைக்கு வருவேன். அதுக்குள்ள பேட்டரி நெறையலேன்னா எனக்க முட்டைய எடுத்துட்டுப் போவேன். கோவப்படாத, கேட்டியா."

சனிக்கிழமை மத்தியானம்வரைதான் கெடு. கோபப்பட எனக்கு என்ன உரிமை? முட்டை அவளுடையது. ஆனால் பேபியக்கா எடுத்தால் அடுத்த பஸ்ஸுக்குள் மற்றப் பதினேழு பேருக்கும் தெரிந்துவிடும். எல்லார் வீட்டு நடையிலும் மீன் வெட்டுகிறவள் அவள். நாற்பதுக்காவது மூன்று கோழி இருக்கிறது, மீதி முட்டைகளுக்கு எங்கே போவது?

அண்ணனிடம் சொன்னேன். யோசனை அவனுடையதுதான், அதை நான் மறுக்கமாட்டேன். ஜெனரேட்டர் வாங்க மார்த்தாண்டம்வரை கேட்டாயிற்று, எல்லாக் கடையிலும் காத்திருக்கச் சொன்னார்கள். அவன் தாடையைச் சொறிந்துகொண்டு கேட்டான்: "கார்ல பேட்டரிய ஆரு நெறைக்கா?"

"ஆரு?"

"ஆல்டர்னேட்டர். அது சுத்துனா பேட்டரி நெறையும். சுத்துகதுக்கு உனக்க வாழைக்குத் தண்ணி எறைக்க என்ஜின் சும்மாதான கெடக்கு. முழுநாளும் ஓட்டாண்டாம். ரெண்டு மூணு மணிக்கூறு ஓட்டினா போதும், மிச்ச நேரம் பேட்டரி பாத்துக்கிடும்."

எனக்கு அவன்மேல் அன்று வந்த மாதிரி மரியாதை கடைசியாக என் கல்யாணத்துக்கு முன்பு எப்போதோதான் வந்திருந்தது. சாயங்காலத்துக்குள் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு ஓம்னி வேனின் ஆல்டர்னேட்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். வெள்ளிக்கிழமை காலையில் ஒரு அயனி மரப் பலகையில் மண்ணெண்ணெய் என்ஜினை ஒரு பக்கமும் ஆல்டர்னேட்டரை மறுபக்கமும் போல்ட் போட்டு இறுக்கினோம். பெல்ட் தொய்ந்தால் இழுத்துக்கொள்ள ஆல்டர்னேட்டரின் பக்கம் துளையை நீளமாக உளியால் கொத்தினேன். தடித்த வயரைப் பேட்டரிக்குக் கொடுத்தோம். அண்ணன் கயிற்றைச் சுற்றி இழுத்தான். மூன்றாவது இழுப்பில் என்ஜின் பிடித்துக்கொண்டது. ஆல்டர்னேட்டர் அழகாகச் சுற்றியது, காற்றாடிச் சத்தம்கூடக் கேட்டது.

பேட்டரியில் வைத்த வோல்ட் மீட்டர் பதினொன்று புள்ளி ஒன்பதில் நின்றது. பேட்டரி நிறையத் தொடங்கினால் அது பதின்மூன்றைத் தாண்ட வேண்டும். என்ஜினை முறுக்கினான். பதினொன்று புள்ளி ஒன்பது. வயரைக் கழற்றிச் சுரண்டி மாட்டினான், பெல்ட்டை இறுக்கினான். மீட்டர் அசையவில்லை. அரைமணி நேரத்துக்குப் பிறகு என்ஜினை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்தபடி அவனுடைய பழைய முகத்தை வைத்துக்கொண்டான்.

"செத்துப்போச்சுட்டி. சவத்தக் கொண்டுபோய்த் திருப்பிக் குடுப்பம்."

"நல்லாத்தான சுத்துகு?"

"சுத்தினா போதுமா? உள்ள கருகியிருக்கும். நான் எத்தன மோட்டர் பாத்தவன்."

அவன் சாப்பிடப் போனான். நான் போகவில்லை. அந்தச் சாமானின் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பெரிய முனை ஒன்று, அதில்தான் தடித்த வயர். பக்கத்தில் சின்னதாக இன்னொரு முனை, அதன்மேல் எல் என்று ஒரு ஆங்கில எழுத்து. அதில் எதுவும் மாட்டவில்லை. அண்ணன் திரும்பி வந்ததும் கேட்டேன்.

"அது லைட்டுக்கு. டேஷ்போர்டுல செவப்பா ஒரு லைட்டு சும்மா எரியும். நமக்கு முட்ட வெரிஞ்சு குஞ்சு வரணுமா, லைட்டு எரியணுமா?"

சிவப்பு லைட்டு என்றதும் எனக்கு டிரைவிங் ஸ்கூல் ஞாபகம் வந்தது. குழுவில் ஏழு பெண்கள் கார் ஓட்டப் பழகினோம். அதுவும் ஓம்னிதான். சாவி போட்டால் அந்த விளக்கு எரிய வேண்டும், வண்டி ஸ்டார்ட் ஆனால் அணைய வேண்டும் என்று மாஸ்டர் தினமும் ஓதுவார். ஒருநாள் அது எரியவே இல்லை. விளக்குதானே என்று விட்டுவிட்டார். அதன்பிறகு ஒரு வாரம் காலையில் நாங்கள் ஏழு பேரும் மைதானத்தில் வண்டியைத் தள்ளினோம், பேட்டரி தினமும் இறங்கிப்போனது. கடைசியில் ஒரு மெக்கானிக் வந்து அந்தச் சின்ன பல்பை மட்டும் மாற்றினார். பேட்டரிக்குக் கூப்பிட்டால் பல்பை மாற்றி ஏமாற்றுகிறான் என்று மாஸ்டர் கத்தினார். ஆனால் மறுநாளிலிருந்து யாரும் வண்டியைத் தள்ளவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். சிரித்தான். சிரித்து முடியட்டும் என்று காத்திருந்து மறுபடியும் சொன்னேன்.

"அந்த லைட்டு சும்மா எரியல்லண்ணா. பாலுக்கு உறை ஊத்துக மாதிரி, பேட்டரியில இருந்து கொறச்சு கரண்டு அது வழியா உள்ள போகணும். உறை ஊத்தாம நீ காலைல இருந்து பாலக் கலக்கிட்டு இருக்க."

இதை நான் எங்கும் படிக்கவில்லை, வாயில் வந்ததைச் சொன்னேன். பிறகு கருங்கலில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் எனக்கு விளக்கியபோது கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார். ஆல்டர்னேட்டருக்குள் நிரந்தரக் காந்தம் கிடையாது. பல்பு வழியாகப் போகும் கரண்டுதான் உள்ளே உள்ள சுருளை முதலில் காந்தமாக்கும். பிறகு அது தானே கரண்டு உண்டாக்கத் தொடங்கும்போது பல்பு அணைந்துவிடும்.

சனிக்கிழமை காலையில் அண்ணன் அரைமனதோடு ஒரு விளக்கைக் கொண்டுவந்தான். எங்கள் பக்கம் டிசம்பரில் எல்லா வீட்டு முகப்பிலும் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கும். கரண்டு இல்லாவிட்டாலும் தன் ஸ்டார் எரிய வேண்டும் என்று அவன் பேட்டரியில் ஓடும் எல்.இ.டி. விளக்கு போட்டிருந்தான். அதைக் கழற்றிப் பேட்டரிக்கும் அந்தச் சின்ன முனைக்கும் நடுவில் மாட்டினான். எரிந்தது. என்ஜினை இழுத்தான். எரிந்துகொண்டே இருந்தது. மீட்டர் பதினொன்று புள்ளி ஆறு. அதாவது நேற்றைவிடக் குறைவு.

"இப்பம் திருப்தியா? உனக்க லைட்டும் எரியுது, எனக்க ஸ்டாரும் இருட்டாச்சு," என்றான்.

மணி பதினொன்று. முப்பத்தேழரையில் நிற்க வேண்டிய பெட்டி முப்பத்தைந்து டிகிரிக்கு இறங்கியிருந்தது. நான் அடுப்படிக்கு ஓடி வெந்நீரை ஊற்றி வந்து பாட்டில்களை மாற்றினேன். பெட்டிக்குள் மேலே வரிசையாக இருந்த குண்டு பல்புகளைப் பார்த்தபோதுதான் எனக்குச் சுரீர் என்றது. தொடங்கின காலத்தில் ஒருத்தர் பேச்சைக் கேட்டு, கரண்டு மிச்சமாகும் என்று பெட்டிக்குள் எல்.இ.டி. பல்பு போட்டேன். வெளிச்சம் கண்ணைப் பறித்தது, சூடு துளியும் இல்லை. அது கரண்டே குடிக்காத கஞ்சப் பல்பு. அது வழியாக எப்படி உறைக்குப் போதுமான கரண்டு போகும்? டிரைவிங் ஸ்கூல் வண்டியில் இருந்தது உள்ளே கம்பி உள்ள பல்பு.

வெளியே ஓடிவந்தேன். பேட்டரியில் எரிகிற கம்பி பல்பு வீட்டில் எங்கே இருக்கிறது? முற்றத்தில் அண்ணனுடைய ஸ்கூட்டர் நின்றது. மஸ்கட்டிலிருந்து வந்ததும் வாங்கியது. அதைத் துடைக்கத் தனித் துணி வைத்திருப்பான், மழை வந்தால் அவன் நனைவான், ஸ்கூட்டர் நனையாது. நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பின்பக்க இண்டிகேட்டரைத் திறக்கப் பார்த்தேன். ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தது. ஒரே தட்டு. கண்ணாடி இரண்டாகப் போனது.

"ஏட்டி! நீ என்ன செய்யுக?"

"பல்பு எடுக்குகேன்."

அந்த நேரத்தில் பேபியக்கா படி ஏறி வந்தாள். தனியாக வரவில்லை. பின்னால் முட்டை கொடுத்தவர்களில் ராகேல், இன்னும் நாலைந்து பெண்கள், எல்லார் கையிலும் வைக்கோல் விரித்த கூடை. நான் நினைத்தது சரிதான், சேதி பஸ் வருவதற்கு முன்பே போய்விட்டது. அண்ணன் உடைந்த இண்டிகேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், நான் பல்பில் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

பல்பை மாட்டினேன். எரிந்தது. எல்.இ.டி. போலப் பளீரென்று இல்லை, மஞ்சளாக, கொஞ்சம் சோம்பலாக எரிந்தது.

"அண்ணா, கயிற இழு."

"எனக்க ஸ்கூட்டரு..."

"கயிற இழு."

இழுத்தான். முதல் இழுப்பில் பிடிக்கவில்லை. இரண்டாவதில் இருமியது. மூன்றாவதில் என்ஜின் எடுத்தது. ஆல்டர்னேட்டர் சுற்றியது. பல்பு எரிந்துகொண்டே இருந்தது. நான் என்ஜினின் முறுக்கைக் கூட்டினேன், இன்னும் கொஞ்சம் கூட்டினேன். சட்டென்று என்ஜினின் சத்தம் மாறியது, மேட்டில் ஏறுகிற வண்டிபோல ஒரு தம் கட்டிய சத்தம். பல்பு அணைந்தது.

"அணைஞ்சு போச்சே," என்றாள் ராகேல், இரக்கமாக. பேபியக்கா ஒரு பெருமூச்சு விட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு பெட்டியிருந்த அறைப்பக்கம் நடந்தாள்.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். அண்ணன் மீட்டரைக் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தான்.

"பதிமூணு," என்றான். "பதிமூணு புள்ளி நாலு. ஏட்டி நேசம், ஏறுகு."

"பேபியக்கா, நில்லுங்க," என்று கூப்பிட்டேன். "அது அணையத்தான் வேணும். அணைஞ்சாத்தான் கரண்டு உண்டாகுகுன்னு அர்த்தம். பேட்டரி நெறையுது."

பேபியக்கா மீட்டரை நம்பவில்லை. எழுதின எண்ணை அவளுக்கு வாசிக்கத் தெரியாது, முட்டையில் அவள் பேரைக்கூட நான்தான் எழுதியிருந்தேன். நேராகப் பெட்டிக்குப் போய் முழங்கைவரை கையை விட்டுக்கொண்டு நின்றாள். பேட்டரி தாங்காது என்று அணைத்து வைத்திருந்த இன்வெர்ட்டரை நான் ஆன் செய்தேன். உள்ளே குண்டு பல்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன. பத்து நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு கையை எடுத்து, வெறும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "மீனு வெயில்ல இருக்கு, நான் போறேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். மற்றவர்களும் பின்னால் போனார்கள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகில் தட்டிக்கொடுத்தான், கையில் இண்டிகேட்டர் அப்படியே இருந்தது.

காலையில் இரண்டு மணிநேரம், சாயங்காலம் ஒன்றரை மணிநேரம் என்ஜினை ஓட்டினோம். அடுத்த நான்கு நாளும் பெட்டி முப்பத்தேழரையை விட்டு நகரவில்லை. புதன்கிழமை விடியும்போது முதல் முட்டையில் சின்னதாக ஒரு கீறல். பத்து மணிக்குள் பெட்டியே கத்தத் தொடங்கியது. நான் வேலிக் கம்பி வைத்து ஒவ்வொருத்தி முட்டைக்கும் தனித்தனி அறை பிரித்திருந்தேன். ஒவ்வொரு அறையிலும் குஞ்சுகள் ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எழும்பின. மறுநாள் சாயங்காலம் எண்ணியபோது முந்நூற்று ஐம்பத்திரண்டு. இத்தனை முட்டைக்கு இதைவிடக் குறைவாகத்தான் பொரியும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். அதை நான் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன், இனியும் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை பதினெட்டுப் பேரும் வந்தார்கள். முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. பங்கு வைப்பது எங்கள் வழக்கப்படி முட்டைக்காரியின் வேலை, நான் தொடக்கூடாது. பேபியக்கா முதலில் உட்கார்ந்தாள். அவளுக்கு முப்பத்தாறு குஞ்சு. மூன்று தனக்கு, ஒன்று எனக்கு என்று எடுத்து வைத்துக்கொண்டே வந்தாள். எனக்கு ஒன்பது, அவளுக்கு இருபத்தேழு. முடிந்தது என்று நான் அடுத்தவளைக் கூப்பிட வாயெடுத்தேன்.

பேபியக்கா தன் கூடையிலிருந்து இன்னொரு குஞ்சை எடுத்தாள். நல்ல கொழுத்த கறுப்புக் குஞ்சு. எழுந்து போய் அந்த அயனிப் பலகையில், என்ஜின் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்னத்துக்கு பேபியக்கா?"

"இது என்ஜினுக்க பங்கு. எங்க கடப்புறத்துல மீன் பங்கு வைக்கும்போ ஆளுக்கொரு பங்கு வைப்போம், வள்ளத்துக்கு ஒண்ணு வைப்போம், என்ஜினுக்கு ஒண்ணு வைப்போம். கூட ஒழைச்சதுக்குக் குடுக்காம எப்பிடிப் பங்கு வைக்கது? அது உனக்கச் சாமானம், அப்பம் அதுக்க பங்கும் உனக்குத்தான். இனி எப்பம் வெரிச்சாலும் எனக்க கையில இருந்து ஒண்ணு உண்டு."

இனி என்றாள், அப்படியென்றால் அடுத்த தடவையும் முட்டை தருவாள். அடுத்து ராகேல் உட்கார்ந்தாள், பங்கு வைத்தாள், அவளும் ஒன்றை எடுத்துப் போய்ப் பலகையில் வைத்தாள். அதன்பிறகு யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பலகை கொள்ளாமல் நான் ஒரு பெட்டி கொண்டுவந்து வைத்தேன். என்ஜினுக்குப் பதினெட்டுக் குஞ்சு.

"அப்பம் எனக்க ஸ்கூட்டருக்கு?" என்றான் அண்ணன். பெண்கள் சிரித்த சிரிப்பில் குஞ்சுகள் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடின.

எல்லாரும் போனபிறகு நான் கை கழுவினேன். சோப்பு எரியவில்லை. போனை எடுத்து அண்டி ஆபீஸ் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். திங்கட்கிழமை வருகிறாயா என்று கேட்டார்.

"எனக்க எடத்த வேற ஆருக்காவது குடுத்துருங்க சாரே," என்றேன். "இஞ்ச எனக்கும் என்ஜினுக்கும் வேல கெடக்கு."